டெல்லிக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் எந்தப் பகுதியில் தங்கலாம்?

கும்பகோணத்திலிருந்து எழுபது வயதைக் கடந்த பெற்றோர், நீங்கள் இருவர், பத்து வயது மகள் என ஐந்து பேராக டிசம்பரில் டெல்லிக்குப் போகவிருப்பதாகக் கூறியிருக்கிறீர்கள். சென்னையிலிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் போய்ச் சேர்ந்து, நான்கு நாட்கள் தங்கி, அதில் ஒரு நாளை ஆக்ராவுக்கு ஒதுக்கி, திரும்பும்போது விமானத்தில் வருவது உங்கள் திட்டம். மஹிபால்பூர், பஹார்கஞ்ச், கரோல் பாக் ஆகிய மூன்று பகுதிகளிலும் ஏறக்குறைய ஒரே மாதிரியான அறைகள் படத்தில் தெரிவதால், வாடகை குறைந்த மஹிபால்பூரையே எடுத்துவிடலாமா என்று கேட்கிறீர்கள். பல ஆண்டுகள் அந்த ஊரில் வேலை பார்த்து, ஊரிலிருந்து வரும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அறை பார்த்துக் கொடுத்தவன் என்ற முறையில் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மஹிபால்பூர் வேண்டாம். கரோல் பாக் அல்லது அதற்கு அடுத்த ஜண்டேவாலான் மெட்ரோ நிலையத்திலிருந்து உங்கள் தாயார் நடந்து போகக்கூடிய தூரத்தில், லிஃப்டும் ஜன்னலும் உள்ள ஒரு விடுதியில், ஒரே தளத்தில் இரண்டு அறைகள் எடுங்கள். இன்னும் சற்றுக் கூடுதலாகச் செலவிட முடியுமானால் கன்னாட் பிளேஸ் பகுதியைப் பாருங்கள்.

டெல்லியில் விடுதிகள் ஏன் சில பகுதிகளில் மட்டும் குவிந்திருக்கின்றன என்பது தெரிந்தால் இந்த முடிவுக்கான காரணமும் விளங்கும். 1911இல் தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து மாற்றுவதாக அறிவித்தார்கள். 1931இல் புது டெல்லியைத் திறந்துவைத்தார்கள். அந்தப் புது நகரம் அரசு அலுவலகங்களுக்கும், பெரிய தோட்டங்களுக்கு நடுவே அமைந்த பங்களாக்களுக்கும் என்றே வகுக்கப்பட்டது. எனவே இந்தியா கேட், நாடாளுமன்றம், குடியரசுத் தலைவர் மாளிகை ஆகியவற்றைச் சுற்றி நடுத்தரக் குடும்பம் தங்கும்படியான விடுதிகள் மிகக் குறைவு. இருப்பவை பெரும்பாலும் நட்சத்திர ஓட்டல்கள். 1947 பிரிவினையை ஒட்டி மேற்குப் பஞ்சாபிலிருந்து வந்த அகதிகள் கரோல் பாக், பஹார்கஞ்ச், ராஜேந்திர நகர், லாஜ்பத் நகர் போன்ற இடங்களில் குடியேறி, சிறிய மனைகளில் வீடும் கடையுமாகக் கட்டிக்கொண்டார்கள். அத்தகைய மனைகளில் பின்னாளில் எழுந்த நான்கைந்து மாடிக் கட்டிடங்கள்தாம் இன்று கரோல் பாக்கிலும் பஹார்கஞ்சிலும் நமக்குக் கட்டுப்படியாகும் விடுதிகளாக இருக்கின்றன. அறைகள் சிறியவையாக இருப்பதற்கும், பல அறைகளுக்கு ஜன்னலே இல்லாமல் போனதற்கும், வாசலில் கார் நிறுத்த இடம் கிடைக்காததற்கும் அந்த மனைகளின் குறுகலே முதற்காரணம்.

மஹிபால்பூர் இதிலிருந்து வேறுபட்ட இடம். விமான நிலையத்தை ஒட்டிய நெடுஞ்சாலையில், இரவில் இறங்கி விடியற்காலையில் அடுத்த விமானம் பிடிக்கிறவர்களுக்காகவே வளர்ந்த விடுதி வரிசை அது. அந்தத் தேவைக்கு அது நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் செங்கோட்டை அங்கிருந்து இருபது கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. பெட்டியும் பெரியவர்களுமாக நடந்து போய் ஏறும் தூரத்தில் மெட்ரோ நிலையமும் கிடையாது. மேலும், நீங்கள் ஐந்து பேர் என்பதை மறந்துவிடாதீர்கள். ஆட்டோவில் மூன்று பேர்தான் ஏறலாம். சாதாரண வாடகைக் காரில் ஓட்டுநர் நீங்கலாக நான்கு பேருக்குத்தான் இடம் உண்டு. ஆகவே ஒவ்வொரு முறை வெளியே கிளம்பும்போதும் நீங்கள் பெரிய வண்டி ஒன்றையோ, இரண்டு வண்டிகளையோ அமர்த்த வேண்டியிருக்கும். வாடகையில் மிச்சம் பிடித்ததெல்லாம் முதல் இரண்டு நாட்களிலேயே வண்டிச் செலவில் கரைந்துவிடும். காலையிலும் மாலையிலும் நெரிசலில் போகும் நேரத்தை எந்தக் கணக்கிலும் திரும்பப் பெற முடியாது. விமான நிலையத்துக்கு அருகில் என்ற ஒரே காரணத்துக்காக நான்கு இரவுகளை அங்கே கழிப்பது, கடைசி நாளின் ஒரு பயணத்துக்காக மற்ற எல்லாப் பயணங்களையும் நீட்டிக்கொள்வதாகும்.

பஹார்கஞ்சைப் பற்றி நம்மவர்களிடையே உள்ள அச்சம் ஓரளவு மிகையானது. புது டெல்லி ரயில் நிலையத்தின் மேற்கு வாசலுக்கு நேர் எதிரே தொடங்கும் மெயின் பஜாரும் அதன் கிளைச் சந்துகளும், குறைந்த செலவில் ஊர் சுற்றும் வெளிநாட்டு இளைஞர்களால் பல பத்தாண்டுகளாகப் பெயர் பெற்றவை. தனியாகப் போகும் ஓர் இளைஞர் அங்கே தாராளமாகத் தங்கலாம். முழங்கால் வலியுள்ள பெரியவர்களுக்கு மட்டும் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. இரு சக்கர வண்டிகளும் இ-ரிக்‌ஷாக்களும் தள்ளுவண்டிகளும் உரசிக்கொண்டு போகும் சந்தில் அவர்கள் காலையும் மாலையும் நடந்தாக வேண்டும். பல கட்டிடங்களில் லிஃப்ட் இருக்காது, இருந்தாலும் அதில் ஒரு பெட்டியும் இரண்டு பேரும்தான் நிற்க முடியும்.

இனி கரோல் பாக். பூசா சாலையின் மேலே தூண்களில் ஓடும் மெட்ரோவின் நீலத் தடத்தில் கரோல் பாக், ஜண்டேவாலான், ராமகிருஷ்ணா ஆசிரம மார்க், ராஜீவ் சவுக் என நிலையங்கள் அடுத்தடுத்து வருகின்றன. கன்னாட் பிளேஸுக்கு அடியில் இருக்கும் ராஜீவ் சவுக், நீலத் தடமும் மஞ்சள் தடமும் சந்திக்கும் இடம். கரோல் பாக்கில் ஏறினால் மூன்றாவது நிறுத்தத்தில் அங்கே இறங்கிவிடலாம். அங்கே மஞ்சள் தடத்துக்கு மாறினால் வடக்கே சாந்தினி சவுக், தெற்கே மத்தியச் செயலகம், இன்னும் தெற்கே குதுப் மினார் எல்லாம் ஒரே தடத்தில் அமைகின்றன. அக்‌ஷர்தாமுக்கு வண்டி மாறவே வேண்டாம். நொய்டா செல்லும் நீலத் தட வண்டியில் ஏறினால் போதும். வைஷாலி செல்லும் வண்டி யமுனா பேங்க் நிலையத்தில் பிரிந்துவிடும் என்பதால், ஏறும் முன் பெயர்ப்பலகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். நெரிசல் எப்படியிருந்தாலும் ஐந்து பேரும் ஒரே வண்டியில் போய் ஒரே நேரத்தில் இறங்குவது, முதியவர்களை அழைத்துச் செல்லும்போது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது அனுபவித்தால்தான் தெரியும். காலை எட்டரையிலிருந்து பத்தரை வரையும் மாலை ஐந்தரையிலிருந்து எட்டு வரையும் ராஜீவ் சவுக்கில் வண்டி மாறுவதை மட்டும் தவிருங்கள்.

கரோல் பாக்குக்கும் தமிழர்களுக்கும் பழைய உறவு உண்டு. மத்திய அரசு வேலைக்காக ஒரு காலத்தில் வந்தவர்களில் கணிசமானோர் முதலில் குடியிருந்த இடங்களுள் அதுவும் ஒன்று. இன்று அவர்களின் அடுத்த தலைமுறை வேறு பகுதிகளுக்குப் போய்விட்டாலும், இட்லியும் தோசையும் கிடைக்கும் உணவகங்கள் அங்கே தொடர்ந்து இருக்கின்றன. துணிக்கும் சிறு பொருட்களுக்கும் அஜ்மல் கான் சாலை இருக்கிறது; திங்கட்கிழமை அந்தச் சந்தைக்கு விடுமுறை. விடுதி தேடும்போது பூசா சாலைக்கும் ஆர்ய சமாஜ் சாலைக்கும் இடைப்பட்ட, டபிள்யூ.இ.ஏ. என்று முகவரியில் எழுதப்படும் பகுதியை முதலில் பாருங்கள். சந்துகள் அங்கே ஓரளவு அகலமானவை. வண்டி வாசல் வரை வரும். அங்கே பல முகவரிகளில் மெட்ரோ தூணின் எண்ணையும் சேர்த்துக் குறிப்பிடுவார்கள். தொலைபேசியில் அந்த எண்ணைக் கேட்டு வைத்துக்கொண்டால், இறங்கிய பிறகு யாரிடமும் வழி கேட்டு ஏமாற வேண்டியதில்லை.

ஆனால் கரோல் பாக் விடுதிகளில் கண்ணை மூடிக்கொண்டு பணம் கட்டிவிடக் கூடாது. அங்கே ஓர் அறைக்குள் நுழைந்தால் சுவர் முழுவதும் கனமான திரைச்சீலை தொங்கும். வெளிச்சத்துக்காக அதை விலக்கினால் பின்னால் வெறும் சுவர் இருக்கும், அல்லது அடுத்த கட்டிடத்தின் ஏ.சி. இயந்திரங்கள் ஒரு முழ தூரத்தில் இரைந்துகொண்டிருக்கும். படத்தில் அந்தத் திரை மட்டும்தான் தெரியும். எனவே 'ஜன்னல் இருக்கிறதா' என்று கேட்டால் போதாது. 'வெளியே தெருவைப் பார்த்துத் திறக்கும் ஜன்னலா' என்று கேளுங்கள். இது வசதிக்காக மட்டும் கேட்கும் கேள்வி அல்ல. 2019 பிப்ரவரியில் கரோல் பாக்கில் இருந்த ஒரு விடுதியில் விடியும் முன்னர் ஏற்பட்ட தீ விபத்தில் 17 பேர் உயிரிழந்தார்கள்; நடைவழிச் சுவர்களில் பதித்திருந்த மரப்பலகைகள் வழியே தீ வேகமாகப் பரவியது அப்போது பெரிதும் பேசப்பட்டது. அதற்குப் பிறகு சோதனைகள் கடுமையானாலும், நம் பாதுகாப்பை நாமும் பார்த்துக்கொள்ள வேண்டும். முதல் அல்லது இரண்டாம் தளத்தில் அறை கேளுங்கள். சேர்ந்த உடனே, பெட்டியைத் திறப்பதற்கு முன்பாகவே, படிக்கட்டு எங்கே இருக்கிறது என்று நடந்து பாருங்கள். அந்தப் படிக்கட்டில் பழைய மெத்தைகளையும் அட்டைப்பெட்டிகளையும் அடுக்கி வைத்திருந்தாலோ, மாற்று வழிக் கதவில் பூட்டுத் தொங்கினாலோ, வரவேற்பில் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் அங்கே தங்காதீர்கள். இந்த ஒரு விஷயத்தில் நான் யாருக்கும் தளர்வு கொடுத்ததில்லை.

அப்படி எழுந்து வரும் உரிமை உங்களிடம் இருக்க வேண்டுமானால், நான்கு நாட்களுக்கும் முன்பணம் முழுவதையும் கட்டிவிடக் கூடாது. முதல் இரவுக்கு மட்டும் பதிவு செய்து, பிடித்திருந்தால் நீட்டிப்பது நல்லது. நெரிசலான நாட்களில் அதற்கு விடுதி ஒப்பவில்லையென்றால், விடுதியில் வந்து பணம் செலுத்தும் வகையில், இலவசமாக ரத்து செய்யும் வசதியோடு பதிவு செய்யுங்கள். செயலியில் பதிவு செய்தாலும், விடுதியின் எண்ணுக்கு ஒருமுறை பேசி, பதிவு வந்து சேர்ந்திருக்கிறதா, இரண்டு அறைகளும் ஒரே தளத்தில் கிடைக்குமா, சொன்ன வாடகையில் வரி அடங்குமா என்பதையெல்லாம் உறுதி செய்துகொள்ளுங்கள். பெரிய நிறுவனத்தின் பெயர்ப்பலகையை மாட்டிக்கொண்ட சிறு விடுதிகள் கரோல் பாக்கில் ஏராளம். பெயரை நம்பாமல், அண்மையில் குடும்பத்தோடு தங்கியவர்கள் எழுதியதையும் அவர்கள் எடுத்த படங்களையும் பாருங்கள்.

டிசம்பர் என்பதால் இன்னும் இரண்டு மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கேட்க வேண்டும். அந்த மாதக் கடைசியில் இரவு வெப்பம் ஏழெட்டு டிகிரிக்கும் கீழே இறங்குவது வழக்கம். வெயில் படாத அறைகள் பகலிலும் குளிர்ந்தே கிடக்கும். ஏ.சி. இருக்கிறது என்றால் அது அறையைச் சூடாக்கும் என்று பொருளல்ல. ஹீட்டர் தருவார்களா, அதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்று கேளுங்கள். ஆளுக்கொரு ரஜாய், அதாவது பஞ்சு அடைத்த கனத்த போர்வை, கிடைக்குமா என்பதையும் கேளுங்கள். குளியலறையில் கீசர் இருந்தாலும், எல்லா அறைக்கும் பொதுவாகக் காலையில் சில மணி நேரம் மட்டுமே வெந்நீர் விடும் விடுதிகளும் இருக்கின்றன. நவம்பர், டிசம்பர் மாதங்கள் அங்கே கல்யாண காலமும்கூட. விருந்து மண்டபம் உள்ள விடுதியிலோ அதற்குப் பக்கத்திலோ தங்கினால் நள்ளிரவு வரை பேண்டு வாத்தியம் கேட்கும். தந்தைக்கு ஆஸ்துமா போன்ற தொல்லை இருந்தால், காற்று மாசு மிகும் பருவம் அது என்பதால் மருத்துவரைக் கேட்டுக்கொண்டே புறப்படுங்கள்.

கன்னாட் பிளேஸ் பகுதியைப் பற்றி முதலில் சொன்னேன். அங்கே வாடகை கூடுதல்தான். ஆனால் நடைபாதைகள் அகலமானவை. ஜன்பத் சாலையில் சரவண பவன் இருக்கிறது. அசோகா சாலையில் ஆந்திர பவன் உணவகம் இருக்கிறது. ராஜீவ் சவுக் நடக்கும் தூரத்தில் இருக்கிறது. ஜெய் சிங் சாலையில் உள்ள ஒய்.எம்.சி.ஏ., அசோகா சாலையில் உள்ள ஒய்.டபிள்யூ.சி.ஏ. ஆகியவற்றின் விருந்தினர் விடுதிகள் நட்சத்திர ஓட்டல்களின் பகட்டு இல்லாதவை, குடும்பங்களுக்கு ஏற்றவை. அவற்றை முன்கூட்டியே கேட்டுப் பாருங்கள்.

தமிழ்ச் சூழலில் தங்க வேண்டும் என்று உங்கள் பெற்றோர் விரும்பினால் ராமகிருஷ்ணபுரம் என்கிற ஆர்.கே.புரத்தையும் எண்ணிப் பார்க்கலாம். டெல்லித் தமிழ்ச் சங்கம் அங்கேதான் இருக்கிறது. அங்கே தங்கும் அறைகளும் உண்டு. மலை மந்திர் என்று அந்த ஊரார் அழைக்கும் உத்தர சுவாமிமலைக் கோயிலும் அதே ஆர்.கே.புரத்தில், ஒரு சிறு குன்றின் மேல் இருக்கிறது. சுவாமிமலைக்குப் பக்கத்திலிருந்து வரும் உங்களுக்கு அங்கே போகாமல் திரும்ப மனம் வராது. ஆயினும் நீங்கள் பார்க்க விரும்பும் பழைய டெல்லி அங்கிருந்து தொலைவு. எய்ம்ஸ் மருத்துவமனைக்குச் சிகிச்சைக்காக வருபவர்களுக்கும், சாணக்கியபுரியில் உள்ள தூதரகங்களில் வேலை உள்ளவர்களுக்கும் நான் தென் டெல்லியையே சொல்வேன்; ஊர் பார்க்க வருபவர்களுக்கு, கோயிலுக்கு ஒரு மாலை போய்வருவதே போதும். சாணக்கியபுரியில் உள்ள தமிழ்நாடு இல்லத்தில் அரசு சார்ந்தவர்களுக்கே முன்னுரிமை. அதை நம்பிப் பயணத்தை அமைக்காதீர்கள்.

தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் சென்னையிலிருந்து இரவு பத்து மணியளவில் புறப்பட்டு, மூன்றாம் நாள் காலை ஆறரை மணியளவில் புது டெல்லி சேரும். டிசம்பரில் மூடுபனி இருந்தால் பல மணி நேரம் தாமதமாகும். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாலோ வேறொரு சிக்கல் உண்டு. பெரும்பாலான விடுதிகளில் பகல் பன்னிரண்டு மணிக்குத்தான் அறை தருவார்கள். இரண்டு இரவு ரயிலில் கழித்த முதியவர்களை ஐந்து மணி நேரம் வரவேற்பு நாற்காலியில் உட்கார வைக்க முடியாது. காலையிலேயே ஓர் அறையாவது கொடுத்துவிடும் விடுதியைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு அரை நாள் வாடகை கேட்டாலும் கொடுத்துவிடலாம்.

நிலையத்தில் எந்தப் பக்கம் வெளியேறுவது என்பதும் முக்கியம். பஹார்கஞ்ச் வாசல் முதல் நடைமேடைப் பக்கம். அஜ்மேரி கேட் வாசல் பதினாறாம் நடைமேடைப் பக்கம். மஞ்சள் தட மெட்ரோவும் விமான நிலைய விரைவு மெட்ரோவும் அஜ்மேரி கேட் பக்கத்தில்தான் இருக்கின்றன. பெட்டிகளோடு வந்திறங்கும் முதல் நாளில் மட்டும் மெட்ரோ வேண்டாம். ஒரு போர்ட்டரை அமர்த்தி, முன்பணம் கட்டும் வண்டிச் சாவடியிலோ செயலியிலோ வண்டி எடுத்து நேரே கரோல் பாக் போய்விடுங்கள், தூரம் மிகக் குறைவு. 'அந்த விடுதியை மூடிவிட்டார்கள்', 'அந்தச் சாலையில் கலவரம்', 'அரசு சுற்றுலா அலுவலகத்தில் ஒரு முறை பதிவு செய்ய வேண்டும்' என்று யாராவது குறுக்கே வந்து சொல்வார்கள். அவர்கள் வேறு விடுதிக்குத் தரகு பெறுபவர்கள். நின்று பதில் சொல்லாமல் நடந்துகொண்டே இருங்கள். சந்தேகம் வந்தால் விடுதிக்கே போன் செய்து கேளுங்கள்.

ஆக்ராவுக்கு இரண்டு நல்ல ரயில்கள் இருக்கின்றன. போபால் செல்லும் சதாப்தி காலை ஆறு மணிக்குப் புது டெல்லியிலிருந்து புறப்படும். கதிமான் எக்ஸ்பிரஸ் எட்டு மணிக்குச் சற்றுப் பின்னர் நிஜாமுதீனிலிருந்து புறப்பட்டு, ஒரு மணி நாற்பது நிமிடத்தில் ஆக்ராவைச் சேரும். புது டெல்லி நிலையம் உங்கள் அறைக்குப் பக்கம் என்பதால் சதாப்தி வசதியாகத் தோன்றும். எனினும் டிசம்பரில் காலை எட்டு மணிக்குத் தாஜ்மஹால் மூடுபனிக்குள்ளேயே இருக்கக்கூடும். அதே சதாப்தி திரும்பி வர நள்ளிரவு நெருங்கிவிடும். கதிமான் மாலையில் ஆறு மணிக்கு முன்பே ஆக்ராவில் கிளம்பி ஏழரை மணியளவில் டெல்லி வந்துவிடுவதால், உங்கள் குடும்பத்துக்கு அதுவே ஏற்றது. தாஜ்மஹாலுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. கதிமானும் அன்று ஓடாது. செங்கோட்டைக்கும் அக்‌ஷர்தாமுக்கும் தாமரைக் கோயிலுக்கும் திங்கட்கிழமை விடுமுறை என்பதால், அந்த நாளைக் குதுப் மினாருக்கும் ஹுமாயூன் கல்லறைக்கும் வைத்துக்கொள்ளலாம்.

திரும்பும் நாளில் அறையைக் காலி செய்துவிட்டு, பெட்டிகளை வரவேற்பிலேயே வைத்து, மாலை விமானம் வரை வெளியே போய்வர விடுதியார் பொதுவாக அனுமதிப்பார்கள். பதிவு செய்யும்போதே இதையும் கேட்டுவிடுங்கள். பயணச்சீட்டில் எந்த முனையம் என்று அச்சிட்டிருக்கும். மூன்றாம் முனையம் என்றால் புது டெல்லியிலிருந்து விமான நிலைய விரைவு மெட்ரோவில் இருபது நிமிடத்தில் போய்விடலாம். முதல் முனையத்துக்கு அந்தத் தடம் போகாது. கரோல் பாக்கிலிருந்து நீலத் தடத்திலேயே மேற்கே ஜனக்புரி வெஸ்ட் வரை போய், அங்கே மெஜந்தா தடத்துக்கு மாற வேண்டும். விமானம் காலை எட்டு மணிக்கு முன்னதாக இருந்தால் மட்டும் மெட்ரோவை நம்பாமல், முந்தைய இரவே விடுதியில் சொல்லிப் பெரிய வண்டி ஒன்றை ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். மூடுபனி நாட்களில் விமானம் தாமதமாவதும் ரத்தாவதும் உண்டு. அதனால் கடைசி நாள் அறையைக் காலி செய்வதற்கு முன்பே விமானத்தின் நிலையைப் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் இன்னோர் இரவுக்கு அறை கிடைக்குமா என்று அப்போதே கேட்டு வையுங்கள்.